பதினோரு பேருக்கும் என் கையெழுத்து

வளர்ந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கூடவே அவர்களுக்காக நியாயமும் கேட்கப் போகிறவர்களே, உங்கள் தொண்டையும் என் தொண்டை மாதிரி கட்டித்தான் கிடக்கும். இரும்புலியூரில் இருபது வருஷமாக எனக்கு இதே வேலை.

பேர் மட்டும் போதும்

என் மாலை வகுப்பில் பதினோரு பெண்கள். எல்லோருக்கும் சேலையூரில் ஒரே அடுக்குமாடியில் வீட்டு வேலை. லிஃப்ட் பக்கம் போனாலே வாட்ச்மேன் விரட்டுகிறாராம். வேலைக்காரர்கள் ஏறக் கூடாது என்று நோட்டீஸ் வேறு. கஸ்தூரிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, தினம் ஏழு மாடி ஏறுகிறாள். மனு கொடுப்போம், கைநாட்டு வேண்டாம், எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மூன்று மாதம் கத்தினேன். நான் கரும்பலகையில் எழுத, அவர்கள் பார்த்து எழுத, கஸ்தூரி மட்டும் தினம் அதே பாட்டுதான்: "பேரு மட்டும் கத்துக்குடு டீச்சர், மிச்சத்த நீயே எழுதிக்கோ."

காபி மரியாதை

அசோசியேஷன் செக்ரட்டரி வீடு ஏழாவது மாடி. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்ட மனுவோடு போனேன், உட்காரவைத்து காபி கொடுத்தார். சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். அவர்கள் வந்து கழுவுவதால்தானே சார் உங்கள் வீடு சுத்தமாக இருக்கிறது என்றேன். நானும் அவர்கள் காலனி, அவர்கள் சாதி, இப்போது லிஃப்டில்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே மேடம்."

கள்ளக் கையெழுத்து

பிறகு மனுவைப் புரட்டினார், முகம் மாறியது. என் எழுத்து இடப்பக்கம் சாயும். என்னைப் பார்த்தே எழுதப் பழகியதில் பதினோரு பேரும் அப்படியே சாய்த்துவைத்திருந்தார்கள், எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. எவ்வளவு சொல்லியும் மனுஷன் நம்பவில்லை. "எல்லாம் நீங்களே போட்டது மேடம். ஒவ்வொருத்தரா இங்க வந்து என் முன்னாடி போடட்டும்."

சார் கூப்பிட்டார்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். சார்தான் கூப்பிட்டார் என்றதும் வாட்ச்மேன் விலகிவிட்டார். மூன்று நடையாக லிஃப்டில் போனோம். ஹாலில் வரிசையாக நின்று எழுதினார்கள், எல்லாம் இடப்பக்கமே சாய்ந்தது. செக்ரட்டரி தாளையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் கஸ்தூரி. பெயரை எழுதிவிட்டு நகராமல், கீழே தட்டுத்தடுமாறி இன்னொரு வரி எழுதினாள்: 'நாளைக்கு நான் லிப்டுல வருவேன்.' நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது மனுவில் இல்லையே என்றார் அவர். கஸ்தூரி பேனாவை மூடினாள். "அது டீச்சர் எழுதுனது சார். இது நான் எழுதுனது."

நோட்டீஸ் இன்னும் அங்கேயே ஒட்டியிருக்கிறது, கஸ்தூரி அதைப் படித்துவிட்டு லிஃப்டில்தான் ஏறுகிறாள், எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே நல்லாசிரியர் விருது அந்தக் கள்ளக் கையெழுத்துப் புகார்தான்.