தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தோம்

திருத்தணியில் நாங்கள் படித்த கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. இன்று காலை நானும் என் வகுப்புத் தோழி சுலோச்சனாவும் போய்ப் பார்த்தோம்.

மூன்று மாடி, லிஃப்ட், எந்த ஜன்னலில் நின்றாலும் முருகன் மலை. இந்த வயதிலும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சுற்றிக் காட்ட வந்த இளம் பேராசிரியை, "முதல்ல லைப்ரரி பாக்கலாங்களா?" என்றார்.

"முதல்ல லேடீஸ் பாத்ரூம் காட்டும்மா" என்றாள் சுலோச்சனா.

அவசரம் என்று நினைத்து, அந்தப் பெண் எங்களை ஓட்டமாக அழைத்துப் போனார்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் காலத்தில், பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. நான் உள்ளே போனால் அவள் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அவள் போனால் நான். மூன்று வருடமும் இப்படித்தான். ஒருத்தி லீவு போட்டால் மற்றவள் அன்று தண்ணீரே குடிக்கமாட்டாள்.

இன்று எட்டுக் கதவுகள். சுலோச்சனா ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போட்டுப் பார்த்தாள். நான் ஒவ்வொரு குழாயாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் தண்ணீர் கொட்டியது.

"ஆங், இப்பத்தாண்டி இது காலேஜு" என்றாள். பேராசிரியை எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வந்ததற்கு நானும் ஒருமுறை உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியிலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது.

"நான் புடிச்சிகினுதான் இருக்கேன். நீ மெதுவா வா."

உங்களுக்குக் கதவு பிடித்தவள் யார்? பெயரைப் போடுங்கள். என்னுடையவள் இதையெல்லாம் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.