கிரேஸ் அக்காவும் எலுமிச்சைப் புழுக்களும்

எங்கள் செம்பாக்கம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. ‘கிரேஸ் அக்கா இன்று காலை மாரடைப்பால் காலமானார்.’ கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எல்லோரையும் போல நானும் கும்பிடும் கை ஒன்றைப் போட்டேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கத் தோன்றியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் அக்கா. ஓய்வுபெற்ற மாதமே ஆள் வைத்துப் பின்பக்கத்துச் சிமென்ட் தரையை உடைத்தார். செப்டிக் டேங்க் கோளாறு என்று நினைத்தோம். அந்த இடத்தில் எலுமிச்சை, இட்லிப்பூ, எருக்கு என்று செடிகள் வைத்தார்.

“எருக்கை யாராவது வீட்டுல வைப்பாங்களாக்கா?” என்றேன்.

“வெறும் பூ இருந்தா வண்ணத்துப்பூச்சி தேன் குடிச்சிட்டுப் போயிடும் பானு. புழு தின்ன இலை இருந்தாத்தான் இங்கயே முட்டை வைக்கும்” என்றார்.

அந்தப் புழுக்கள் என் கறிவேப்பிலையையும் மொட்டையடித்தன. ஒருநாள் ஆத்திரத்தில் பூச்சிமருந்து அடித்தேன். காற்று அவர் பக்கம் வீசியது. மறுநாள் எலுமிச்சைக்கு அடியில் செத்துக் கிடந்த புழுக்களைச் செய்தித்தாளில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னாச்சுன்னே தெரியல.”

“நேத்து கொசுப்புகை அடிச்சாங்கல்லக்கா, அதுதான்” என்றேன்.

நம்பிவிட்டார். அதன்பிறகு புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டாலே ஈரக்கையோடு வாசலுக்கு ஓடுவார். “தம்பி, பின்பக்கம் மட்டும் வேணாம்ப்பா.” இரண்டு வருடம் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒருமுறை மதிலோரம் போனேன். “வா, வா, இதப் பாரு” என்று, கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து சிறகு உலர்த்திக்கொண்டிருந்த வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் காட்டினார். சொல்லாமலே திரும்பினேன்.

அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன்.

போன வாரம் புகை அடிப்பவர் வந்தார். “இன்னாக்கா, அந்தம்மா வூடு பூட்டிக்கீது?”

“இறந்துட்டாங்க.” அந்த வார்த்தையை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். “பின்பக்கம் அடிக்காதீங்க. அன்னிக்குப் புழு செத்தது உங்க புகையால இல்ல. நான்தான் மருந்து அடிச்சேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இதை வாசிக்கும், அக்காவை அறிந்த உங்களிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அடக்கம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அக்காவின் மகன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான். “அம்மா உங்கள ரொம்ப நம்புவாங்க ஆன்ட்டி” என்றான். அந்தச் சாவியும் அந்தச் சொல்லும்தான் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை. தினமும் காலையில் கதவைத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பிறகு பூட்டிவிட்டு வருகிறேன்.