லாரியில் ஒட்டிய வாக்கியங்கள்

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கடன் கேட்டுப் போய் வங்கிக்காரர்கள் விரட்டிவிட்ட பிறகும் பழைய லாரி ஒன்றை வாங்கி, அதை நான்காக்கினேன். புக்கிட் மெர்தாஜாமில், தவளை கத்திக் கிடந்த சேற்று நிலத்தில் மண் கொட்டிக் கல்வீடு எழுப்பினேன். என் மனைவி ஆங்கிலத்தில் பாஸானதையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும்.

கடல் தாண்டித் தீவுக்குப் போகப் பாலம் வராத காலம். அவள் பாலர் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆங்கில வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும். முதல் தடவை தோற்றுவிட்டாள். "ஒவ்வொரு வாக்கியமும் நல்லாத்தான் இருக்கு, ஒன்னோட ஒன்னு சேரலையே" என்றாராம் மாலை வகுப்பு வாத்தியார். பட், பிகாஸ், ஆல்தோ, ஸோ என்று இணைப்புச் சொற்களை அவளும் உருப்போட்டாள். பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. இன்னொரு தடவை தோற்றால் வேலை போய்விடும்.

வகுப்பு தீவில், ஜார்ஜ்டவுனில். சரக்கு ஏற்றிப் போகும்போது நான்தான் அவளைக் கூட்டிப் போவேன். வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஃபெரிக்காக வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் தூங்கிவிடுவாள். ஒரு நாள் தட்டி எழுப்பினேன்.

"நான் தமிழ்ல ரெண்டு விஷயம் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல ஒட்டு. என் புருஷன் படிக்கல. என் புருஷன் நாலு லாரி வாங்கினாரு."

"ஆரம்பிச்சிட்டீங்களா லா!"

"ஒட்டும்மா!"

முறைத்துக்கொண்டே ஆல்தோ போட்டு ஒட்டினாள்.

அதன் பிறகு வாராவாரம் இதே வேலை. எனக்கு வேறு யார் கதை தெரியும்? என் கதையைத்தான் துண்டு துண்டாகக் கொடுத்தேன். "என் புருஷன் கெட்டிக்காரர்" என்று நான் நிறுத்தினால், பட் போட்டுக் குறட்டையைச் சேர்த்துவிடுவாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததில் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்ததும் உண்டு.

தேர்வன்று வாசலிலேயே லாரியை நிறுத்திக் காத்திருந்தேன். வந்து ஏறியவளுக்கு முகமெல்லாம் வியர்வை.

"என்ன கேட்டாங்க?"

"குடும்பத்தப் பத்திப் பேசச் சொன்னாங்க. வேற எதுவும் வாயில வரலங்க. உங்க லாரி, வீடு, பேங்க்ல விரட்டினது, எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி நிறுத்தாம சொல்லிட்டேன். கடைசில பரீட்சை வச்ச அம்மாவே போதும்னுட்டாங்க!"

பாஸ். வேலையும் நிலைத்தது. வீட்டில் விருந்து வைத்தோம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாத்தியாருக்கு நன்றி சொன்னாள். தண்ணீர்மலை முருகனுக்குச் சொன்னாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னாள். அத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேரு எங்க?"

"பரீட்சை முழுக்க உங்க பேச்சுத்தானே, இன்னும் பத்தலையா?"

பத்தவில்லை. அது பரீட்சைக்கார அம்மா ஒருத்திக்கு மட்டும் சொன்னது. இத்தனை வருஷம் கழித்து, அடுத்த மாதம் இவள் ஓய்வு பெறுகிறாள், பள்ளியில் பிரியாவிடை விழா. அந்த மேடையில் என் பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.