குடை பிடித்த சாளை

உலகத்திலுள்ள ஓவியக் கூடங்களை எல்லாம் இழுத்து மூடிவிடலாம். இனயம் என்ற எங்கள் கடற்கரை ஊரில், பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி மாமியின் முன்னறைச் சுவர் ஒன்றே போதும். தினமும் காலையில் அந்தச் சுவரில் தொங்கும் படத்தின் மூலையை விரலால் தடவி, விரலை நாக்கில் வைப்பாள். உப்பு பார்க்கிறாளாம். மீன் குழம்புக்குக்கூட அவள் இத்தனை கவனமாக உப்பு பார்த்ததில்லை.

படத்தில் ஒரு சாளை மீன் கோட்டு போட்டு, குடை பிடித்து, மேகத்தின் மேல் நடந்து போகிறது. கீழே கடல் மேசைவிரிப்பு மாதிரி நான்காக மடிந்து கிடக்கிறது. யாரோ வெள்ளைக்காரர் கனவு கண்டு வரைந்ததன் நகல். காகிதத்தில் அல்ல, அலுமினியத் தகட்டில் அச்சடித்தது. குழித்துறையில் மாமி மீன் கொடுக்கும் சபிதா டீச்சர் வீட்டில் இப்படியொன்று உண்டு. டீச்சர் ‘சர்ரியலிசம்’ என்று விளக்கி முடித்ததும் மாமி கேட்டது ஒரே கேள்வி: “இது கடக்காத்துக்குத் தாங்குமா டீச்சரே?” பிறகு டீச்சரை விட்டே இணையத்தில் ஒன்று வரவழைத்தாள்.

கொழுந்தன் சிலுவைதாசன் வந்து பார்த்தார். “மைனி, திருக்குடும்பப் படம் இருக்க வேண்டிய எடத்துல கோட்டு போட்ட மீனு எதுக்கு?”

“வெள்ளோட்டத்துக்கு வந்த மீனாக்கும். போனா போட்டு.”

மாமியின் கணவர் ததேயுஸ் இறந்து ஆறு வருடம். கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அவர் படத்தைக் கடற்காற்று தின்றுவிட்டது. முதலில் மூக்கு போயிற்று, பிறகு சிரிப்பு. இப்போது சட்டைக் காலர்தான் பாக்கி. மிச்சம், ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அதைத் தகட்டில் ஏற்றக் கொச்சிக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் பிடித்து அனுப்பினால் போதும் என்றார் டீச்சர். “ஆளு போவாம முகம் மட்டும் எப்பிடிப் போவும்?” என்றாள் மாமி. வழியில் தொலைந்தால் ததேயுஸ் இரண்டாம் முறையும் போனதுதான். தகடும் கடற்காற்றில் கெடுமென்றால் அவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? ஆகவே ஆனி ஆடிக் காற்று முழுக்க ஜன்னலைத் திறந்தே போட்டு மீனை முன்னால் நிறுத்தினாள். “கோட்டும் போட்டுட்டு எங்கலே போற, ஏலத்துக்கா?” என்று அதோடு பேச்சு வேறு.

ஆவணி பிறந்தது. நாளைக்கு அனுப்பப் போவதாக ஊரெல்லாம் சொன்னாள். அன்று மாலை நான் செங்கல் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, படத்தின் மூலையில் துரு மாதிரி தடவிவிட்டு வந்தேன். ஒரு சிரிப்புக்குத்தான்.

காலையில் ததேயுஸை உறையில் போட்டுக்கொண்டு வந்த மாமி மூலையைப் பார்த்தாள். தடவினாள். நாக்கில் வைத்தாள். அவரைத் திரும்பவும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். மீன் விற்கச் சுமக்கும் சருவப் பாத்திரத்தைத் தொடாமல், புத்தகத்தோடு கோயிலைப் பார்த்து நடந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்து சட்டை நுனியால் மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

“லே மக்கா, முப்பது வருசமாட்டு அலுமினியச் சருவம் சொமக்கேன். அது வெள்ளையாட்டு பூக்கும், செவப்பாட்டுத் துருப்பிடிக்காது. நக்குனப்பமே தெரியும், செங்கல்லு. நீ தொடைக்க வருவியான்னு பாத்தேன்.”

கையைப் பின்னால் மறைத்தேன். அவள் அதை இழுத்து, எண்ணெயும் செங்கலும் போக ஒவ்வொரு விரலாக முந்தானையில் துடைத்தாள்.

“கூரியர்காரன் அஞ்சு மணிக்கு அடச்சுருவான்.”

ஜெபப் புத்தகத்தைத் திறந்து, ததேயுஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.