இடது சீட்டிலிருந்து இழுத்த பிரேக்

எங்கள் காரின் டிக்கியில் ஸ்டெப்னி இருக்குமோ இருக்காதோ, அரைச் செங்கல் ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் என் கணவர் இறங்கிப்போய் அதைப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். கிளம்பும்போது பத்திரமாக எடுத்து வைப்பார். ஹேண்ட் பிரேக்கை மட்டும் தொடமாட்டார். ஒரு மழைக்காலத்தில் அதைப் போட்டு நிறுத்தி, கேபிள் துரு ஏறி இறுகி, இரண்டு நாள் வண்டி நகரவில்லையாம். அதிலிருந்து இந்த வைராக்கியம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என் வேலையே அந்தக் கேபிளைச் சோதிப்பதுதான். மெஷினில் மாட்டி இழுத்து, முனையில் இருக்கும் குண்டு கழன்று வராமல் பிடிக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போடுவேன். ஒன்பது வருடமாக இதே வேலை. அவை எந்த வண்டிக்குப் போகின்றன, யார் இழுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

"கால்ல மிதிக்கிறது ஆயில்ல வேல செய்து, நாலு சக்கரத்தையும் புடிக்கும். கையில இழுக்கிறது கம்பி, பின்சக்கரம் ரெண்டத்தான் புடிக்கும். உள்ள இருக்கிற பிரேக் ஷூ ஒண்ணுதான், வழிதான் வேற. ஆயில் கைவுட்டாலும் கம்பி இருக்கும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"அதான் கல்லு கீதே, வுடுமே" என்பார்.

ஒரு மாதம் சண்டை போட்டு, மணவாள நகர் மெக்கானிக்கிடம் புதுக் கேபிள் போட வைத்தேன். அப்போதும் அவர் செங்கல்லை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் காதுகுத்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் பின்சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது அவர் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தார்.

"பிரேக் புடிக்கலமே!"

பாலச் சரிவின் கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ வழியை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கூடையோடு ஒரு அம்மா ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

"ரெண்டாம் கியர்ல போடுங்க!" என்று கத்தினேன். ஹேண்ட் பிரேக் எங்கள் இருவருக்கும் நடுவில்தானே இருக்கிறது? பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இடது சீட்டிலிருந்தே இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றிவிடும். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்து... அவர் கியரை இறக்கியதும் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவேயில்லை. கம்பி விறைப்பது என் கைக்குத் தெரிந்தது! இத்தனை வருடத்தில் ஒரு கேபிள் உண்மையாகவே வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. அம்மாடி, நின்றேவிட்டது!

"அம்மா, இன்னொருவாட்டி!" என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கை ஹேண்ட் பிரேக்கை விட்டு வரமாட்டேன் என்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினார். பார்த்தால் செங்கல்லோடு வருகிறார்.

"இன்னாத்துக்கு அது? அதான் வண்டி நிக்குதே!"

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சரிவையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாமே, நிக்குது" என்றார். கல்லைப் பாலத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெக்கானிக் வந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போய்விட்டது என்று சொல்லும்வரை நான் கையை எடுக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் என் வாய் ஓயவில்லை. கேட்காதவர்களையும் பிடித்து நிறுத்திச் சொன்னேன். மதியத்துக்கு மேல் ஒரு கேபிள் வந்தது. மெஷின் அதைப் பாஸ் செய்துவிட்டது. ஆனால் முனைக் குண்டு ஒரு நூல் சாய்ந்திருந்தது. மறைப்பானேன், அப்படிப்பட்டதை நானும் முன்பு ஒன்றிரண்டு விட்டிருக்கிறேன்.

"லோடு லாரி நிக்குதும்மா. பார்க்கிங்குக்குத்தானே, வுடு" என்றார் சூப்பர்வைசர்.

"வுட மாட்டேன் சார். இத்த இழுக்கப் போறவங்களுக்குப் பின்சீட்ல கொழந்த இருக்கும்" என்று சொல்லி, அதைக் கழித்ததைப் போடும் சிவப்பு டிரேயில் போட்டேன்.