செவ்வரத்தை மொட்டும் தண்ணீர்த் தாங்கியும்

ஐம்பதை எட்டிய ஒருவன், பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மூன்று காலைகள் குந்தியிருந்தான். அவன் நான்தான். வேவு பார்த்தது எதிர்வீட்டு ரீச்சரை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. விவகாரம், என் செவ்வரத்தை மொட்டுகள்.

மாடியில் எனக்கு ஆறு பூச்சாடிகள். மாலையில் பார்த்துவிட்டு வந்த மொட்டு காலையில் பாதியாக இருக்கும், அல்லது இராது. எங்கள் கட்டடத்தில் விடிந்ததும் சாமிக்குப் பூ வைப்பவர் ரீச்சர் ஒருவர்தான். கடவுளுக்கென்றால் அது களவில்லை என்று நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். என் அம்மாவே அந்தக் கட்சி. இலைகளின் ஓரமும் அரிபட்டிருந்தது.

"பூச்சியாக்கும்," என்றாள் மனைவி.

பூச்சி தின்றதுபோல் காட்டுவதற்கு ரீச்சர் நகத்தால் கிள்ளியிருக்கிறார் என்பது என் துணிபு. துப்பறியும் கதைகளை அளவுக்கு மீறி வாசித்ததன் பலன்.

வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல் சாமிக்குப் படைத்த கடலைத் தட்டோடு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ரீச்சர், இண்டைக்குச் சாமிக்குச் செவ்வரத்தையோ?"

அவர் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். பல வருடங்களாக அவரிடம் இருந்த எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டின் மாற்றுத் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒண்டுதான் தம்பி. எண்ணிப் பாருங்கோ."

அவர் போனதும் மனைவி தொடங்கினாள். "நான் பாத்ரூமில விழுந்து கிடந்த அண்டைக்கு அந்தத் திறப்பு அவவிட்ட இல்லாட்டி என்ன நடந்திருக்கும்? அவ அதைத் திரும்ப வாங்குமட்டும் என்னோட கதைக்காதேங்கோ."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் ஆதாரம் தேடி மாடிக்குப் போனேன்.

முதல் இரண்டு நாளும் ரீச்சர் துணி காயப்போட்டுவிட்டு, என் சாடிகளின் பக்கம் திரும்பாமலே இறங்கினார். இது சந்தேகத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவர் பூவை ஒருதரமாவது பார்க்கமாட்டாரா?

மூன்றாம் நாள், கரையோர ரயில் போய், காற்றும் விழுந்த பிறகு, ஓர் இலை மட்டும் அசைந்தது. கிட்டப் போனேன். நடு நரம்பு, கிளை நரம்பு, நோய்பிடித்த இலையின் பழுப்புப் புள்ளி, எல்லாவற்றையும் சிறகில் வைத்துக்கொண்டு ஓர் இலைவெட்டுக்கிளி மொட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது. மீசை உடம்பைவிட நீளம். அதற்குக் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே என்று படித்திருக்கிறேன். என் மூளையும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான்.

அதன் பிறகு எதையும் நம்பமுடியவில்லை. காய்ந்த ஈர்க்கு என்று நினைத்தது துள்ளியது. சாடியிலிருந்த மண்கட்டிக்குக் கால் முளைத்தது. சீமெந்து நிறத்தில் ஒன்று சுவரிலிருந்து பாய்ந்தது. ஆறு சாடிக்குள் இத்தனை வேடதாரிகள்!

துணிக்கூடையோடு வந்த ரீச்சரை மறித்தேன். "ரீச்சர், கள்ளன் இஞ்ச இருக்கிறான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." ஒரு கையால் செடியைக் காட்டி, மற்றக் கையால் சட்டைப்பையில் இருந்த திறப்பை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து வெகுநேரம் செடியைப் பார்த்தார். பிறகு திறப்பை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்தார்.

"தத்துவெட்டி நல்ல வடிவா ஒளிச்சிருக்கு," என்றார். "நீங்களும் அதிட்டக் கேட்டுப் பழகுங்கோ தம்பி. மூண்டு நாளாத் தாங்கிக்கு வெளியால உங்கட வயிறு தெரியுது."