ஏரிக்குப் போன ஜெட்

ஒரு மாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றுதான்: ஜெட்டுக்கு மூக்கு கனமா, வால் கனமா?

நாமக்கல்லுக்கு மேற்கே சோளக்காட்டுக்குள் அப்பாவின் கோழிப்பண்ணையும் அதை ஒட்டியே வீடுமாக இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா, விமானப் பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்களோடு இருந்தார். சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போவார். போகும்போது இருந்ததைவிட மெலிந்து திரும்புவார். முட்டை ஏற்ற வரும் லாரிக்காரர்கள்கூட, "பிளேன எப்பங்க கெளப்பறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தார்ப்பாயைக் கட்டுவார்கள். மாமா சிரித்து வைப்பார். ஆனால் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோறு உண்ணும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவரோடு படித்த நண்பர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, இனித் தனக்கு நேரம் இருக்காது என்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் ரிமோட்டில் பறக்கும் ஜெட் துண்டு துண்டாக இருந்தது. வெள்ளை ஃபோம் உடம்பு, வயிற்றுக்குள் சின்ன மின்விசிறி, மூக்குக்குள் பேட்டரி வைக்க ஓர் அறை. மாமா அதை ஒட்டி முடித்ததும், ஓடுகிறதா என்று பார்க்க அறைக்குள்ளேயே விசிறியை முடுக்கினார்.

அந்தக் கீச்சொலியை இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது. பக்கத்துக் கொட்டகையில் கோழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அலறின. மிரண்ட கோழி முட்டையைக் குறைத்துவிடும். அதனால் தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டில் பட்டாசு கிடையாது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். மச்சினனைத் திட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்று இராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் நிதானமாகச் சொன்னார்.

"மாப்ள, ஏரிக்குக் கொண்டு போயி ஒருக்கா பறக்க உட்டுப் பாத்துரு. அதோட அத ஓரங்கட்டி வச்சுட்டு, நம்ம தீவன மில்லுக்கு வந்துரு. அங்க ஒரு பொறுப்பான ஆளு வேணும். நீயும் எத்தன நாளைக்கு இப்படியே காத்துட்டு இருப்பே?"

மாமா தட்டைப் பார்த்தபடி, "செரிங்க மச்சான்," என்றார். அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஜெட் பறக்கப் போவது உறுதியாகிவிட்டதே!

ஆனால் அது ஏரிக்குக் கிளம்பவேயில்லை. மாமா எடை பார்க்க ஆரம்பித்தார். இறக்கைகளுக்கு அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, அந்த இடத்தில் ஆள்காட்டி விரல்களைக் கொடுத்து ஜெட்டைத் தூக்குவார். வால் கனமாக இருந்தால் கையை விட்டதும் எகிறிப் பின்பக்கமாக விழுந்துவிடுமாம். மூக்கு கனமாக இருந்தால் எழும்பவே எழும்பாதாம். பேட்டரியை ஒரு நூலளவு முன்னே தள்ளுவார், அரை நூலளவு பின்னே இழுப்பார். டயர் கடையில் கார்ச் சக்கரத்தின் எடையைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயத் துண்டை வாங்கி வந்து மூக்கில் ஒட்டினார். மறுநாள் பிய்த்தார். அதன்பின் இடது இறக்கை கனம் என்றார்.

வாலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ரிமோட்டைத் திருகினால் வாலிலும் இறக்கையிலும் உள்ள மடல்களில் எது எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்வது என் வேலை. என்னை அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். "மேல போகுதுங்களா சாமி?" "போகுது மாமா." "நல்லாப் பாரு." நன்றாகவே பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே விரல் கொடுத்துத் தூக்கினால், ஜெட் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. அதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். "உனக்கென்னடி அவசரம்?" என்று என்னைத்தான் வைதாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா அவராகவே பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்துவிட்டார்.

ஏரியில் தண்ணீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த மண்ணாகக் கிடந்தது. காற்றே இல்லை. மாமா ஜெட்டை எடுத்து மறுபடியும் விரலில் நிறுத்தினார். பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார். கொஞ்ச தூரம் நடந்து போய் ரிமோட் எட்டுகிறதா என்று பார்த்தார். திரும்பி வந்து, கரையோரத்து வேலிமுள் புதர்களைத் தாண்டி எங்கோ பார்த்தபடி நின்றார். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையில் முட்டை லாரி வந்து நிற்கும்.

"உடு மாப்ள, வெயில் ஏறுதல்லோ?"

"செத்த இருங்க மச்சான். மூக்கு இன்னும் கொஞ்சம்…"

"ஏனுங்க, செத்த நேரம் அவனெ உடுங்களே," என்றாள் அம்மா. நேரத்துக்குச் சோறு உண்ணாவிட்டாலே எங்களை விரட்டுகிற அம்மா, அன்று மட்டும் யாரையும் அவசரப்படுத்த விடவில்லை. நான் குதிகாலால் மண்கட்டிகளை உடைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமாவின் இரண்டு கையும் ரிமோட்டில் இருக்க வேண்டும். எறிவதற்கு உயரமான ஆள் வேண்டும். ஆகவே அப்பாதான் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். விசிறி கீச்சிட்டது. அப்பா நான்கு எட்டு ஓடி எறிந்தார்.

ஜெட் கீழே போனது. தரையில் மூக்கை முட்டப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தூக்கு மாப்ள! மேல தூக்கு!" என்று அப்பா கத்தினார். கண்ணைத் திறந்தபோது அது சங்ககிரி மலைப்பக்கம் வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. பனைமரங்களுக்கு மேல் திரும்பியது. சாய்ந்து, வெயிலில் ஒரு கணம் மின்னி, எங்கள் தலைக்கு மேல் விர்ரென்று கடந்தது. அப்பா வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் அதன் பின்னாலேயே ஓடினார். "யப்பா! நெசமான பிளேனாட்டவே போகுது பாரு!"

மாமா மட்டும் ஓடவில்லை, சிரிக்கவுமில்லை. கால் ஆடாமல் அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான். ரிமோட் 'பீப் பீப்' என்று பேட்டரி தீர்வதை எச்சரித்தது. அவர் ஜெட்டை இன்னொரு வட்டம் சுற்றவிட்டார். மறுபடியும் எச்சரித்தது. இன்னொரு வட்டம். அதற்குப் பிறகுதான் ஜெட் தாழ்ந்து, புழுதியைக் கிளப்பியபடி வழுக்கிக்கொண்டே வந்து நின்றது.

அப்பா மாமாவின் தோளில் ஓங்கித் தட்டினார். "அசத்திட்டே போ!"

மாமா மண்ணைத் துடைத்துவிட்டு ஜெட்டை என் கையில் கொடுத்தார். "இந்தா சாமி. இனி இது உன்னுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம மறுக்கா உடலாமா மாமா?"

"பாக்கலாம் சாமி."

அம்மா, வெயிலில் நிற்காதே என்று காரணமில்லாமல் என்னை அதட்டி ஜீப்பில் ஏற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே ஷூ போட்டுக்கொண்டு, ஜெட்டை மடியில் வைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் மில் ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமா உச்சி வெயிலில்தான் வந்தார், புருவமெல்லாம் மக்காச்சோளத் தூசியோடு. என்னை விலகிச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார், குளித்தார், சாப்பிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். களைத்துப் போயிருக்கிறார், எழுந்ததும் போவோம் என்று நினைத்து, நான் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.